அழகி போட்ட பந்தி

அவள் பார்த்தது பரிமாறின பையனை இல்லை ராக்காயி, அவன் கையை. கையையும் வாளியையும் இலையையும் பார்த்தாள். உன் பேரன் காதுகுத்தில் என் மருமகள் தூணோடு தூணாக நின்று ஒருத்தனையே வெறித்தாள் என்று குழாயடியில் சொல்லியிருக்கிறாய். புருஷன் சவுதியில் கிடக்கிறான், இவளுக்கு எந்நேரமும் ஆம்பளைகளிடமிருந்து போன் என்றும் சொல்லியிருக்கிறாய். போன் வருவது நிசம்தான். ஜவுளிக்கடைக்காரர் கூப்பிடுவார், பாத்திரக்கடைக்காரர் கூப்பிடுவார். அவள் வேலையே அவர்களோடுதானே. பந்தியில் உட்காராமல், ஒரு வாய் சாப்பிடாமல் கிளம்பிப் போனாளே, அது தப்பு. ஒத்துக்கொள்கிறேன். மற்றதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நடந்ததைச் சொல்கிறேன், நீ மட்டும் இல்லை, ஊரே கேட்கட்டும்.

அழகி என் மகன் திருமுருகனுக்கு வாக்கப்படுவதற்கு முன்னாலேயே அறந்தாங்கியில் பிளெக்ஸ் போர்டு கடையில் வேலை பார்த்தவள். காதுகுத்து, சடங்கு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவள் கையில் வந்ததுதான். செத்தவர் தலையைச் சுற்றி வெளிச்சம் போடுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. கல்யாணமாகி வந்த பிறகு, அவளாகவே போனைப் பார்த்துப் பார்த்து இந்த ஏஐ வேலையைப் படித்துக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. லேப்டாப்பில் இன்னது வேண்டும் என்று சொன்னால் அது படம் போட்டுத் தருமாம். மண்பானை, காலை வெயில், ஆவி பறக்கணும் என்பாள். வந்து நிற்கும்.

கேட்கிறதற்குச் சுளுவாக இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். நம் ஊர்ப் பக்கமே எட்டிப் பார்க்காத ஒருத்தனுக்கு வழி சொல்கிற மாதிரிதான். வாழை இலை கேட்டால் தேக்கு இலை தரும். பரிமாறுகிற ஆள் கேட்டால் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரன் கரண்டியோடு நிற்பான், அதுவும் இடது கையில். விரல் ஆறு இருக்கும். அழகி சலிக்க மாட்டாள். வேறு விதமாகச் சொல்லுவாள், மறுபடி மாற்றிச் சொல்லுவாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நானாக இருந்தால் இரண்டாவது தடவையே மூடி வைத்திருப்பேன்.

அவள் செய்வது கடைகளுக்குச் சின்னச் சின்ன விளம்பரம். ஒரு வாய் சோற்றை மென்று விழுங்குகிற நேரம்தான் இருக்கும். முடிந்தால் மறுபடி அதுவே ஓடும், நாள் முழுக்க ஓடும். முடிகிற இடமும் ஆரம்பிக்கிற இடமும் ஒட்டாவிட்டால் படம் வெடுக்கென்று குதித்துவிடும். மாலையில் முடிச்சுப் போட்ட இடம் தேடினாலும் கிடைக்கக் கூடாது இல்லையா, அது மாதிரி சேர்க்க வேண்டும். அதற்கு அவளிடம் ஒரு குறுக்கு வழி இருந்தது. படத்தை முன்னால் ஓட்டி, அதையே பின்னாலும் ஓட்டிவிடுவாள். சேலை காற்றில் போகும், திரும்பி வரும். எது போனது எது வந்தது என்று யாருக்குத் தெரியும்?

அந்த வழிதான் காலை வாரிவிட்டது. அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரியகருப்பன் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வாசலில் ரோட்டைப் பார்க்க ஒரு பெரிய டிவி மாட்டி, அதில் ஓடுவதற்கு விளம்பரம் கேட்டார். தலைவாழை இலை, வாளிச் சோறு, வெள்ளை வேட்டிக்காரர் பரிமாறுகிறார். படம் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்தது. பழக்கத்தில் அதையும் முன்னும் பின்னும் ஓட்டிக் கொடுத்துவிட்டாள். அன்றைக்கு நான் கடலைக்குக் களை எடுக்கப் போயிருந்தேன். பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

டிவியில் சோறு இலையில் விழுந்தது. விழுந்த சோறு அப்படியே எழும்பிக் கரண்டிக்குப் போய், வாளிக்குள் போனது. மறுபடி விழுந்தது, மறுபடி போனது. பஸ்ஸுக்கு நின்ற கூட்டம் பூராவும் அங்கிட்டுத் திரும்பிவிட்டது. காசு கொடுக்க மாட்டோம் என்று பயமா, அடுத்த பந்திக்கு மிச்சம் பிடிக்கிறீர்களா என்று ஆளாளுக்குக் கேட்டிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் அது எல்லார் போனிலும் வந்துவிட்டது.

பெரியகருப்பன் கூப்பிட்டார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"தங்கச்சி, எலையில வச்சத எடுத்ததுக்கு எங்க வகையறாவுல ரெண்டு குடும்பம் இன்னைக்கு வரைக்கும் மொகம் பாக்குறதில்ல. நீ என் கடை வாசல்ல நாள் முழுக்க எடுக்க வச்சுட்டியே" என்றார்.

மறுநாள் ஜவுளிக்கடைக்காரர் இப்போதைக்கு வேண்டாம் என்றார். பாத்திரக்கடைக்காரர் போனையே எடுக்கவில்லை. சவுதிக்கும் செய்தி போய்விட்டது. திருமுருகன் என்னிடம், லேப்டாப்பை விற்றுவிட்டு அவளை வீட்டோடு இருக்கச் சொல்லு ஆத்தா, என்னால் ரூமில் தலைகாட்ட முடியவில்லை என்றான். அவளையே கேட்டுக்கோ என்று போனை அவளிடம் கொடுத்தேன். அழகி நிதானமாகச் சொன்னாள், பெரியகருப்பன் அண்ணனிடம் இன்னொரு தடவை கேட்கப் போகிறேன், அதுவும் சரிவரவில்லை என்றால் நானே மூடிவிடுகிறேன் என்று. அவன் சரி என்றான். அவள் சொன்னால் செய்கிறவள் என்பது எனக்குத் தெரியும்.

பெரியகருப்பன் நல்ல மனுஷன். கொண்டு வா, இந்தத் தடவையும் சிரித்தார்கள் என்றால் நம் பேச்சு அதோடு முடிந்தது என்றார். என்ன கொண்டு போவது? காலி இலையில் ஆரம்பித்தால் நிறைந்த இலையில் முடிகிறது. நிறைந்ததைக் காலியாக்காமல் முதலுக்கு வர முடியாது. சோறு தின்கிறவளுக்கு அந்தச் சோற்றையே பார்க்கப் பிடிக்காமல் போய்விட்டது. ஆவியை மட்டும் காட்டலாமா என்று பார்த்தாள். அவருக்குப் பரிமாறுவதுதான் வேண்டும்.

அந்த நேரத்தில்தான் உன் வீட்டுக் காதுகுத்து வந்தது ராக்காயி. மொய் எழுதிவிட்டுப் பந்திக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சமையல்காரரோடு வந்த வசந்த் சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் போனான். ஒரு இலைக்கு வைத்தான், நகர்ந்தான். அடுத்த இலைக்கு வைத்தான், நகர்ந்தான். வைத்த இலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முன்னால் எப்போதும் ஒரு காலி இலைதான் கிடந்தது. இதைத்தான் அவள் பார்த்தாள். செருப்பைக் கூட மாறிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"அத்த, எலை காலியாக வேணாம். ஆளு நகந்தாப் போதும்" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டேன். பிறகு விளக்கிச் சொன்னாள். காலி இலை ஒன்று, அதில் சோறு விழும். பரிமாறுகிறவர் நகர நகர, நிறைந்த இலை ஓரத்துக்குப் போய் மறையும், அடுத்த காலி இலை நடுவுக்கு வரும். அதோடு படத்தை நிறுத்திவிட வேண்டும். அந்த இலை முதல் இலையாகவே இருந்துவிட்டால், படம் மறுபடி முதலிலிருந்து ஓடுவது யாருக்கும் தெரியாது. ஆரம்பப் படத்தையே கடைசிப் படமாகவும் கொடுத்து, நடுவில் நடப்பதை மட்டும் போடு என்று அந்த ஏஐயிடம் கேட்டாள். உடனே வந்துவிடவில்லை. ஒரு தடவை நிறைந்த இலை பறந்தே போனது. ஒரு தடவை வேட்டிக்காரர் பாதி வழியில் பொம்பளையாகிவிட்டார், நான் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அறந்தாங்கிக்கு நானும் கூடப் போனேன். பெரியகருப்பன் டிவிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். சோறு எப்போது எழும்பும் என்று காத்துக்கொண்டிருந்தார். எழும்பவில்லை. இலை வந்தது, சோறு விழுந்தது, அடுத்த இலை வந்தது. அதில் எழுத்து ஒன்றும் கிடையாது, படிக்கத் தெரியாத எனக்கே முழுசாகப் புரிந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவர் வெகு நேரம் பார்த்துவிட்டு, "ஏப்பா, எம்புட்டுப் பேருக்குத்தான் போடுவீங்க, எனக்கும் ஒரு எலையப் போடு" என்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்.

பெரியகருப்பன் என் பக்கம் திரும்பி, "பந்தி முடியவே மாட்டேங்குதே ஆத்தா" என்றார். அழகி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

விட்டுப்போன கடைக்காரர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். ஆனால் இங்கே நம் ஊரில் நெட் நிற்பதில்லை, பேசி முடிவு பண்ண அவர்களும் இவ்வளவு தூரம் வர மாட்டேன் என்கிறார்கள். அறந்தாங்கியில் தையல் கடை வைத்திருக்கிற சிவரஞ்சனி தன் கடை மாடியில் ஒரு ரூம் இருக்கிறது, வாடகைக்குத் தருகிறேன் என்றாள். காலையில் போய்ச் சாயங்காலம் வரலாம். இதைச் சொன்னதும் திருமுருகன், ஊர் என்ன பேசும் என்றான். போன் சத்தமாக வைத்திருந்ததால் எனக்கும் கேட்டது.

"நீங்க பிளேன் ஏறுனப்பவும் ஊரு பேசுச்சு. அத நான் ஒங்ககிட்டச் சொன்னதே இல்ல" என்றாள் அழகி.

லயன் போய்விட்டதோ என்று நான் போனைத் தட்டினேன். பிறகு அவன், காலையில் எத்தனை மணி பஸ் என்று கேட்டான்.

திங்கட்கிழமை தூறல் விழுந்துகொண்டிருந்தது. டிபன் பாக்ஸைப் பையில் வைத்தாள், லேப்டாப்புப் பையைத் தோளில் மாட்டினாள், சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். குழாயடியில் நீங்கள் எல்லாரும் குடத்தோடு நின்றீர்கள். "வாரேன் அத்த" என்று சொல்லி வாசல்படி இறங்கினாள். குடையை விரித்துப் பைக்கு மேலே பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடியே பஸ்ஸுக்குப் போனாள்.