இடது கைக்கு ஒரு டிராக்

பாகாலாவில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசித்துவிட்டு மறுநாள் காலை ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஊரான நகரிக்குத் திரும்பும்போது, மழைச் சேற்றில் வண்டி வழுக்கி என் இடது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் கடைசி இரண்டு விரல்களும் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. பன்னிரண்டு வருடமாக மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவன் நான். குழுத் தலைவர் மூன்று மாதம் காத்திருந்துவிட்டு வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீபோர்டுக்கு உறை போட்டு பீரோவின் மேல் ஏற்றிவிட்டேன். பகலில் எலக்ட்ரிகல் கடை வேலை. சாயங்காலங்களில் சும்மா உட்கார்ந்திருப்பேன்.

எட்டு மாதம் கழித்து அதைக் கீழே இறக்கியவள் என் மனைவி. தெலுங்கு மீடியம் பள்ளியில் கணக்கு டீச்சர். ஊரடங்கின்போது ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் தூசி படிந்து கிடந்தது.

"இன்னாத்துக்கு மூஞ்ச தொங்கப்போட்டுக்கினு இருக்கீங்க? இதுலயே பாட்டு செய்றாங்களாம், எங்க ஸ்கூல் டான்ஸ் மாஸ்டர் சொன்னாரு. ஒரு கை நல்லாத்தான இருக்குது?"

அரைமனதாக ஓர் இலவச சாஃப்ட்வேரை இறக்கி, கீபோர்டை ஒரு கேபிளால் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். கட்டையை அழுத்தினால் சத்தம் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது. வேகமாக வாசித்தால் விரல் ஓரிடத்திலும் சுரம் ஓரிடத்திலுமாக நின்றன. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். வலது கையும் கெட்டுவிட்டதோ என்றுகூடப் பயந்தேன். நாலாம் நாள் ஒரு தெலுங்கு வீடியோவில் விஷயம் பிடிபட்டது. கம்ப்யூட்டர் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துத்தான் வெளியே விடுகிறது. சேர்க்கும் அளவைக் குறைத்தால் தாமதம் குறையும். செட்டிங்கில் ஒரே ஓர் எண்ணை மாற்றினேன். அழுத்தினேன். விரல் பட்ட கணமே சுரம் எழுந்தது. 'என் மேல் தப்பில்லை' என்று கை சொன்னதுபோல் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் பெரிது. ஒரு மெட்டை வலது கையால் வாசித்துப் பதிவு செய்தேன். அதை ஓடவிட்டு, இடது கை வாசிக்க வேண்டிய கார்டுகளை, அதாவது மெட்டுக்குத் துணையாக ஒலிக்கும் சுரக்கூட்டங்களை, அதே வலது கையால் இரண்டாவது டிராக்கில் வாசித்தேன். பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டேன். என் இரண்டு கைகளும் சேர்ந்து வாசிப்பதை, கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். கண் கலங்கிவிட்டது.

"அழாதீங்க, டீ ஆறிப்போவுது" என்றாள் மனைவி.

அப்புறம் பேராசை வந்தது. கீபோர்டிலேயே தபலா, வயலின், புல்லாங்குழல் ஒலிகளை வாசித்துப் பதினான்கு டிராக் அடுக்கினேன். அவள் ஒரு தரம் கேட்டுவிட்டு, "சந்தை மாரி கீது. பாதிய எடுத்துடுங்க" என்றாள். ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்துவிட்டு ஒன்பதை எடுத்தேன். பாட்டு மூச்சுவிட்டது.

அதைக் குழுத் தலைவருக்கு அனுப்ப ஒரு வாரம் தயங்கினேன். அனுப்பிய பத்தாவது நிமிடம் போன் அடித்தது.

"யாருபா வாசிச்சது? லெஃப்ட் ஹேண்டு சும்மா பேசுது!"

"நான்தாண்ணா. ஒரே கைதான், ரெண்டு வாட்டி வாசிச்சேன்."

"வர்ற மாசம் திருப்பதில ஒரு ரிசப்ஷன். வயலினுக்கு ஆள் இல்ல. நீ டிராக் போட்டுக்கினு வா. மேடைல என் பக்கத்துலயே உக்காரு" என்றார்.

அந்த மேடையில் முதல் பாட்டுக்கே, பாடகி மைக்கைப் பிடிக்கும் முன்பு டிராக்கை ஓடவிடும் பட்டனைத் தட்டித் தொலைத்தேன். வயலின்கள் தனியாகக் கிளம்பிவிட்டன, முன்வரிசை சிரித்தது. நிறுத்தினேன். பாடகி என்னைத் திரும்பிப் பார்த்து, பரவாயில்லை என்று கையசைத்து, "பர்வாலேதண்ணா, மறுபடி" என்றார். இந்த முறை அவர் மூச்சிழுப்பதைப் பார்த்துத் தட்டினேன். அதன் பிறகு பதினெட்டுப் பாட்டு, ஒன்றும் தவறவில்லை.

இப்போது மாதம் இரண்டு மூன்று நிகழ்ச்சிக்குப் போகிறேன். எனக்குப் பதிலாக வந்த கீபோர்டுக்காரரும் நானும் எந்தெந்தப் பகுதியை அவர் மேடையில் வாசிப்பது, எதை நான் டிராக்கில் போடுவது என்று போனில் சண்டை போட்டுக்கொள்கிறோம். பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கிறது.