பொரி தின்ற பாவம்

எங்கள் சபையில் வட்டிக்கு விடலாம், மருமகளை மூலையில் உட்காரவைத்து அழவிடலாம். ஆயுத பூஜைப் பொரியை மட்டும் தின்னக்கூடாது.

போன வருஷம் என் அக்கா தின்றுவிட்டாள். நானும்தான். கும்மிடிப்பூண்டியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை. பூஜையன்று அவரவர் மெஷினுக்கு அவரவரே பொட்டு வைப்பது அங்கே வழக்கம். அக்கா தன் மோல்டிங் மெஷினைப் பளபளவென்று துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, வாய் நிறையப் பொரியோடு சிரித்தாள். பக்கத்து லைன் பெண் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். அது சுற்றிச் சுற்றிப் பாஸ்டர் கைக்குப் போய்விட்டது.

அவர் தீர்ப்புச் சொன்னார். சபை முன்னால் பாவ அறிக்கை செய்யவேண்டும், இல்லையென்றால் திருவிருந்து கிடையாது. விக்கிரகத்துக்குப் படைத்ததைத் தின்ற வாயாம். அந்த மெஷின் ஓடிச் சம்பாதித்த கூலியில் தசமபாகம் வாங்கும்போது, நோட்டில் குங்குமம் ஒட்டியிருக்கிறதா என்று இந்த மனுஷன் ஒருநாளும் பார்த்ததில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. அவள் புருஷன் இறந்த பிறகு அவளைத் தூக்கி நிறுத்தியதே மாதம் ஒருமுறை திருவிருந்தில் கிடைக்கும் அந்த அப்பத்துண்டும் திராட்சரசமும்தான். அது இல்லையென்றால் ஆண்டவரே கதவைச் சாத்திவிட்டார் என்று நினைப்பாள். அந்த வாரம் முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

"மெஷினுக்குப் பொட்டு வச்சா பாவமா? நீ இன்னா அத்த கும்ட்டியா?" என்று கேட்டேன்.

"கும்புடலடி. ஆனா சந்தோசமா இருந்தேனே," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் முட்டிபோட்டு அழுதாள். பாஸ்டர் அவள் தலையில் கைவைத்துக்கொண்டு, "இன்னும் யாராவது சாப்பிட்டிருந்தா எழுந்து நில்லுங்க," என்றார். சபையில் பாதிப்பேர் கம்பெனி ஆட்கள். ஒருத்தரும் எழவில்லை. பிள்ளைகளுக்கென்று கூடுதலாகப் பொரி பாக்கெட் கேட்டு வாங்கிப்போன எங்கள் சூப்பர்வைசர் அண்ணன், கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆவி இறங்கியதுபோல அந்நியபாஷை பேச ஆரம்பித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டேன்.

"நானும் துன்னேன் பாஸ்டர். நல்லாத்தான் இருந்துச்சி. வெல்லம்தான் கொஞ்சம் கம்மி."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளைத் தனியாக விடக்கூடாது என்றுதான் எழுந்தேன், அது அவளுக்குப் புரியும் என்று நம்பினேன். அவள் முகத்தில் இருந்தது பயம். பிசாசு பிடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அந்த மாதமே அவளுக்கு அப்பம் கிடைத்தது. சபையும் அவளை மன்னித்துவிட்டதாகச் சொன்னது, தாங்கள் தின்ற பொரியையும் சேர்த்து மன்னித்துக்கொண்டார்களோ என்னவோ. நான் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டேன்.

ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சாயங்காலம் அக்கா தன் பிள்ளைகளையும் என் மகளையும் உட்காரவைத்து ஜெபம் செய்கிறாள். நான் அடுப்படியில் இருப்பது தெரிந்தே, குரலை உயர்த்தி, உண்மையான கண்ணீரோடு கேட்கிறாள்: "ஆண்டவரே, எந்தங்கச்சிக்குக் கொஞ்சம் வெக்கத்தக் குடுங்கப்பா."

என் மகள்தான் முதலில் ஆமென் சொல்கிறாள்.