ஆறாவது படத்தில் நின்ற அம்மா

கல்கத்தா மழைக்காலத்தில் எங்கள் பீரோவைத் திறந்தால் அந்துருண்டையும் ஈரமும் கலந்த ஒரு வாசனை முகத்தில் அடிக்கும். லேக் கார்டன்ஸில் தரைத்தளத்து வீடு. பட்டுப்புடவை, தோல் செருப்பு, பள்ளிக்கூட சர்டிஃபிகேட்... எதையும் அந்த ஈரம் விட்டுவைக்காது.

அந்த வீடியோ கேசட்டையும் விடவில்லை. அம்மா போன பிறகு வந்த மழைக்காலத்தில் எடுத்துப் பார்த்தேன். டேப் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. வீடியோ கடைக்காரர் பிளேயரில் போடவே மாட்டேன் என்றுவிட்டார்.

போட்டோக்கள் இருந்தன. ஆனால் அம்மா நடப்பதும் பேசுவதும் அந்த ஒரு கேசட்டில்தான்.

தொண்ணூறுகளில் ஒரு டிசம்பர். ஏரிக்கரையில் பிக்னிக். மாடி வீட்டு வங்காளி மாமா, பாபி காக்கு, புதிதாக வீடியோ கேமரா வாங்கியிருந்தார். கண்ணில் பட்டவரையெல்லாம் எடுத்தார். அம்மா மரத்தடிப் பாதையில் நடந்து வருவாள். கேமராவைப் பார்த்ததும் கையை ஆட்டி, தமிழ் வாடை அடிக்கும் வங்காளியில் "ஆமாகே நா... ஆமாகே நா!" என்பாள். என்னை எடுக்காதீங்க என்று. முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டே கடந்துபோவாள்.

அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட இருக்காது.

நல்லவேளை, அமெரிக்காவில் இருந்த சித்தப்பாவிடம் ஒரு காப்பி இருந்தது. அங்கே ஏதோ ஒரு கடையில் கொடுத்து, அந்த ஊர் டிவியில் ஓடுகிற மாதிரி மாற்றி வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிடியில் போட்டு அனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவை உட்காரவைத்துப் போட்டேன். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போனதிலிருந்து பேச்சே குறைந்துவிட்டது.

திரையில் அம்மா வந்தாள். ஆனால்... ஏதோ சரியில்லை. ஒவ்வோர் அடிக்கும் சின்னச் சின்னதாய்த் தயங்கினாள். சாவி கொடுத்த பொம்மை மாதிரி விட்டு விட்டு நடந்தாள்.

அப்பா பாதியில் எழுந்துவிட்டார்.

"நிறுத்துடா. உங்கம்மா இப்படி நடக்கமாட்டா."

"அம்மாதாம்ப்பா அது. அங்க மாத்தினதுல ஏதோ..."

"எனக்குத் தெரியாதா? இது அவ நடை இல்ல. இத எனக்குக் காட்டாத."

உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அன்று சாப்பிடவும் வரவில்லை.

அப்போது டாலிகஞ்ச் பக்கம் ஒரு சின்ன எடிட்டிங் ஸ்டூடியோவில் எனக்கு வேலை. பக்கத்து சீட்டில் ஷுபோ, என் வயசுக்காரன். மறுநாள் மதியம் சிடியைக் காட்டினேன். இரண்டு பேருமாக ஒவ்வொரு படமாய் நகர்த்திப் பார்த்தோம். கொஞ்ச நேரத்தில் விஷயம் புரிந்துவிட்டது.

நம் ஊர் வீடியோவில் நொடிக்கு இருபத்தைந்து படங்கள். அமெரிக்க டிவிக்கு முப்பது வேண்டும். அந்தக் கடையில் சுலபமான வழியாக, ஐந்து படம் ஓடியதும் கடைசிப் படத்தையே இன்னொரு முறை போட்டு நிரப்பியிருந்தார்கள். அம்மா தயங்கியது அங்கேதான்.

"அப்ப உங்க மா எங்கயும் தொலையல" என்றான் ஷுபோ, வங்காளியில். "கூடுதலா வந்ததை எடுத்துட்டா போதும். அவங்க அப்படியே இருக்காங்க."

உடனே மவுஸைக் கையில் எடுத்தேன்.

ஆறில் ஒன்றாக நீக்கினோம். கொஞ்ச தூரம் அம்மா அழகாக வந்தாள். திடீரென்று குதித்தாள். நடுநடுவே அந்த வரிசை பிசகியிருந்தது. நகலை விட்டுவிட்டு நிஜப் படத்தை வெட்டியிருந்தோம். கண்ணால் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்று ஆகிவிட்டது.

அந்த வாரம் முழுக்க மதிய இடைவேளையெல்லாம் அதுதான். ஒரு கையில் எக் ரோல், ஒரு கையில் மவுஸ். முந்தானை நுனி ஒரு நூல் நகர்ந்திருந்தால் நிஜம். நகரவில்லையென்றால் நகல். அப்படிப் பார்க்கும்போதுதான் எத்தனை கண்ணில் பட்டது... தாலிக்கொடியில் தொங்கிய ஊக்கு. காதோரம் முதல் நரை. சிரிக்கும்முன் மூக்கு லேசாகச் சுருங்குவது. ஒரு படத்தில் அம்மா கண் பாதி மூடி, பாதி திறந்து... அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஷுபோ எதுவும் கேட்காமல் டீ வாங்கப் போய்விட்டான்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் அப்பாவைக் கூப்பிட்டேன்.

"வேணாம்னு சொன்னேனே."

"ஒரே ஒரு தடவைப்பா. பிடிக்கலேன்னா அழிச்சிடறேன்."

வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்தார். போட்டேன்.

அம்மா நடந்து வந்தாள். தயங்காமல், செருப்பை லேசாகத் தேய்த்துத் தேய்த்து, அவசரமே இல்லாமல்... கையை ஆட்டி, சிரித்து, போய்விட்டாள்.

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "திரும்பப் போடு" என்றார்.

போட்டேன். அது முடிந்ததும் இன்னொரு தடவை. அப்புறம் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்:

"வெளிய கிளம்பினா நான் விறுவிறுன்னு முன்னாடி போயிடுவேன். அவ பின்னாடி வருவா. அந்தச் செருப்புச் சத்தம் ஒரே சீரா வந்துக்கிட்டே இருக்கும். அதக் கேட்டுக்கிட்டேதான் நடப்பேன், அத்தனை வருஷமும்."

பிறகு திரையைக் காட்டினார்.

"அவ நடந்து வர்றத இப்பதாண்டா பாக்கறேன்."

அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் சென்னைக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. போன் முழுக்க வீடியோ. பிறந்தநாள், பீச், டிராஃபிக் ஜாம்கூட... எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. நாங்கள் ஒரு வாரம் மல்லுக்கட்டியதை இன்று ஒரு சாஃப்ட்வேர் டீ ஆறுவதற்குள் முடித்துவிடும். நல்லதுதான். ஆனால் இத்தனை வீடியோவில் யாரையும் நான் அப்படிப் பார்த்ததில்லை.

போன வாரம் மனைவியோடு காய்கறி வாங்கப் போனேன். வேண்டுமென்றே கொஞ்சம் பின்தங்கி நடந்தேன்.

திரும்பிப் பார்த்து, "என்னங்க, கால் வலிக்குதா?" என்றாள்.

"இல்ல... நீ போ, வர்றேன்" என்றேன்.