திருப்பழி

என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸைத் தெரியாத ஆள் எங்கள் பங்குக் கோயிலில் கிடையாது. கல்யாணமா, பிறந்தநாளா, கிறிஸ்துமஸ் விருந்தா, மைக்கைப் பிடிப்பது அவர்தான். பேருந்துப் பணிமனையில் சூப்பர்வைசர் என்று பெயர். என்னைக் கேட்டால், அவருடைய முழுநேரத் தொழில் ஊரைச் சிரிக்கவைப்பது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் அந்த வாயாலேயே எல்லாவற்றிலிருந்தும் தப்பித்தார். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று, கூட்டிப்போக வரவேண்டும் என்பதையே மறந்துவிட்டார். பையை மடியில் வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். சாவகாசமாக வந்து நின்று, "சிஸ்டர், இன்னும் ரெண்டு நாள் வச்சுக்குவீங்கன்னு ஜாலியா இருந்தேன். இவ்ளோ சீக்கிரம் திருப்பிக் குடுக்குறீங்களே லா!" என்றார். தாதிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நீங்க ரொம்ப லக்கி, ஆன்ட்டி" என்றாள் ஒரு தமிழ்ப்பெண்.

சிரித்துவிட்டவர்கள் அதற்குப் பிறகு நியாயம் கேட்பதில்லை. சிரித்த மறுநிமிடமே அந்த ஆள் கட்சியில் சேர்ந்துவிடுகிறார்கள். சிரிக்காமல் நின்ற நான் சிடுமூஞ்சி.

எனக்காவது தோல் தடித்துவிட்டது. அவருடைய அக்கா பிலோமினாவின் மகள் பெதானி என்ன பாவம் செய்தாள்? சின்ன வயதில் அவளுக்கு 'ழ' வராது. விருந்துக்கு விருந்து அவளை நாற்காலியில் ஏற்றி, "வாழைப்பழம் சொல்லு பாப்போம்" என்பார். "வாலப்பலம்" என்பாள். கூட்டம் கைதட்டும். தாய்மாமன் கேலி செய்யாமல் வேறு யார் செய்வார்? பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.

அவள் கண்ணாடி முன்னால் நின்று வைராக்கியமாகப் பழகி அந்த எழுத்தைப் பிடித்தாள். பிறகு அது அவளை விடவில்லை. 'ல' வரவேண்டிய இடத்திலும் 'ழ' வந்து உட்கார்ந்தது. வேலைக்குப் போகத் தொடங்கிய வருடம், ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல்முறையாக வாசிக்க ஏறியவள், 'இன்றைய திருப்பலியில்' என்பதைத் 'திருப்பழியில்' என்று வாசித்துவிட்டாள். பூசை பழியாகிவிட்டது.

அன்று மதியமே ஆம்ப்ரோஸ் பெயர் வைத்தார்: மிஸ் திருப்பழி. கோயில் முழுக்கப் பரவியது. அவள் வாசக மேடைக்கு நடந்தாலே பெஞ்சுகளில் உதட்டைக் கடித்தார்கள். வாசிப்பதையே விட்டுவிட்டாள்.

"சும்மா ஜோக்குதானே லா. இதக்கூடத் தாங்கலன்னா எப்படி?" என்றார் இவர்.

இந்த வருடம் பிலோமினா அண்ணி புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். "என் அடக்கப் பூசையில நீதான் படிக்கணும்" என்று மகளிடம் வாக்கு வாங்கியிருந்தார். தெம்பனிஸில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே சவப்பெட்டி வைத்திருந்த நாட்களில், பெதானி என்னை ஓரமாக அழைத்துப்போய் வாசித்துக் காட்டுவாள்.

"அத்தை, அம்மாவுக்காக இத மட்டும் ஒழுங்கா படிச்சிடணும்."

ஆம்ப்ரோஸிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். "பூசையன்னிக்கு வாயத் தொறந்தீங்க, நடக்குறதே வேற."

"என் அக்கா சாவுல ஜோக் அடிப்பேனா? என்ன மனுஷி நீ!"

அடக்கப் பூசையில் பெதானி நிதானமாக வாசித்தாள். 'பலி' என்ற சொல் வந்தது. அப்பழுக்கில்லாமல் 'பலி' என்றே சொன்னாள். ஆம்ப்ரோஸ் வாயைத் திறக்கவில்லைதான். திரும்பிப் பின் பெஞ்சைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். களுக்கென்று ஒரு சிரிப்பு. பின்னாலேயே இருமுவதுபோல் நாலைந்து பேர். அவள் சொன்னதை யார் கேட்டார்கள்? சிரிக்கத் தயாராக வந்த காதில் சரியும் தப்பாகத்தான் விழும். முகம் வெளுத்துப்போய் முடித்துவிட்டு இறங்கினாள். எனக்கு அந்த மனிதரின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

பூசை முடிந்து, மண்டாய் தகனச்சாலைக்குப் போகும் வண்டிக்குப் பெட்டியைத் தூக்க ஆண்கள் கூடினார்கள். தலைமாட்டில் கைப்பிடியைப் பற்றக் குனிந்தார் ஆம்ப்ரோஸ். கூடப்பிறந்த தம்பி, அவருடைய இடம் அது.

"மாமா, கைய எடுங்க" என்றாள் பெதானி.

"என்னம்மா?"

"எங்கம்மாவ நீங்க தூக்க வேணாம்."

அவர் சுற்றிலும் பார்த்து இளித்தார். "பாத்தீங்களா, பிள்ளை என்னையே கலாய்க்குது லா!"

சிலர் சிரிக்கவும் செய்தார்கள். அவள் அசையவில்லை. பின்னால் நின்ற தன் சித்தப்பா மகனைக் கூப்பிட்டாள். "ஜோனா, நீ வந்து பிடி."

ஜோனா தயங்கித் தயங்கி வந்து பிடித்தான். பெட்டி நகர்ந்தது. ஆம்ப்ரோஸ் கைகளைத் தொங்கவிட்டபடி என்னைப் பார்த்தார். குரல் உடைந்திருந்தது.

"நீயாவது சொல்லேன், அருளு. என் அக்காடி அவ."

எனக்கு இரக்கம் வரவில்லை. பெதானியின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் நடந்தேன்.