நாடாவுக்கு இரண்டு விரல் கீழே

கனகேஸ்வரியைப் போல விரதம் பிடிக்கிறவள் மெல்பேர்னிலேயே கிடையாது என்பது கிரான்பர்ன் இலங்கைத் தமிழ்ச் சனத்தின் ஏகமனதான தீர்மானம். பிறந்தநாள் விழாவுக்குக் கூப்பிட்டால் அன்று அவளுக்குச் சதுர்த்தி. பெரியபிள்ளையான பெண்ணின் சாமத்திய வீட்டுக்குக் கூப்பிட்டால் பிரதோஷம். செவ்வாய், வெள்ளியைச் சொல்லவே வேண்டாம். நம்முடைய பஞ்சாங்கமும் தாராள மனசோடு எழுதப்பட்டதுதான். தேடினால் எந்தச் சாப்பாட்டு மேசையிலிருந்தும் தப்புவதற்கு ஒரு திதி அகப்படும். ஒன்பது வருடமாக அவள் அப்படித்தான் தப்பி வந்தாள். மற்றப் பெண்கள் தங்கள் விரத நாட்களை அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு விஷயம் முற்றியிருந்தது.

உண்மை என்னவென்றால் அவளுடைய பெருங்குடல் முழுக்கப் புண். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று வைத்தியர்கள் பெயர் சொன்னார்கள். நல்ல நாளில் எட்டுத் தடவை, கெட்ட நாளில் இருபது தடவை கழிப்பறைக்கு ஓடவேண்டும். போவதில் பாதி இரத்தம். ஒரு பிடி சோறு உள்ளே போனால் கால் மணித்தியாலத்தில் வயிற்றைப் பிழிந்துகொண்டு வரும். வந்தால் அடக்க முடியாது. நாற்பத்தாறு வயதில், கைப்பைக்குள் மாற்று உள்ளாடையும் பெரியவர்கள் கட்டும் நாப்கினும் வைத்துக்கொண்டு திரிகிற பெண்ணுக்கு விரதம் என்கிற சொல் எவ்வளவு பெரிய உதவி என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவளுக்கு வேலை டண்டினோங் பக்கத்தில் சலாட் பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் அங்கியைக் கழற்றி, கையுறை, தலைவலை எல்லாம் எறிந்து, சப்பாத்து மாற்ற வேண்டும். திரும்பி வரும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டு, முழங்கை வரை கழுவ வேண்டும். ஒரு தடவைக்குப் பதினொரு நிமிடம். நடுவில் பெல்ட்டில் அவளுடைய இடம் வெறுமையாய் ஓடும். மேற்பார்வையாளன் வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை, மணிக்கூட்டைப் பார்ப்பான். அந்தப் பார்வைக்குப் பயந்து அவள் காலையில் தண்ணீர்கூடக் குடிப்பதை விட்டுவிட்டாள். கடைசியில் ஒரு நாள் கீரைத் தட்டுகளுக்கு நடுவே மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்கள். கனகேஸ்வரி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "நோ தமிழ், நோ தமிழ்" என்றாள். மொழிபெயர்க்க வருகிறவர் யாருடைய மச்சாள் என்று யார் கண்டது? அதனால் பத்தொன்பது வயது மகள் மேனுகாதான் எல்லாவற்றையும் சொல்லவேண்டி வந்தது. தாயின் மலத்தில் எவ்வளவு இரத்தம் என்று பிள்ளை முகம் சிவக்க ஆங்கிலத்தில் சொல்வதை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

இரண்டு விதமான ஊசி மருந்தும் வேலை செய்யவில்லை. பெருங்குடலை எடுத்துவிட வேண்டும் என்றார் சத்திரசிகிச்சை வைத்தியர். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலது பக்கத்தால் வெளியே எடுத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டுவார்கள். மலம் இனி அதற்குள்தான். இப்போதே திட்டமிட்டுச் செய்தால் நல்லது. குடல் கிழிந்த பிறகு அவசரமாக வெட்டினால் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது. ஆறு வாரத்துக்குள் முடிவு சொல்லச் சொன்னார்.

"ஏலாது" என்றாள் கனகேஸ்வரி.

அவளுடைய கணவன் ஸ்ரீகாந்தன் போர்க்லிப்ட் ஓட்டுபவன். அதிகம் பேசத் தெரியாத நல்ல மனிதன். "நீர் கொஞ்சம் யோசியும்" என்று மட்டும் சொன்னான்.

"என்னத்தை யோசிக்கிறது? மலத்தை மடியில கட்டிக்கொண்டு என்னெண்டு கோயிலுக்குப் போறது? சேலை உடுக்கேலுமோ? ஆக்களுக்குப் பக்கத்தில இருக்கேலுமோ? அதுக்கு நான் இப்பிடியே போய்ச் சேருறன்."

அவன் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான். அவள் தொடவில்லை.

அந்தக் கிழமை ஞாயிற்றுக்கிழமை த பேசின் என்கிற ஊரில் கோயில் கொண்டிருக்கிற பிள்ளையாரிடமே கேட்டுவிடுவது என்று புறப்பட்டார்கள். கிரான்பர்னிலிருந்து கோயில் வரை எந்தப் பெற்றோல் நிலையத்தில் கழிப்பறை திறந்திருக்கும், எந்தப் பூங்காவில் கதவு பூட்டாது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அன்று அந்தப் பாடமும் உதவவில்லை. கோயிலுக்கு மூன்று கிலோமீற்றர் இருக்கும்போது, சிவப்பு விளக்கில் நின்ற காருக்குள், கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலையோடு எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்ரீகாந்தன் கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் காரைத் திருப்பினான். வீட்டுக்கு வந்ததும் அவன் வாளியும் தூரிகையுமாகக் காரின் இருக்கையைக் கழுவினான். அவள் குளியலறைத் தரையில் இருந்தபடி, தான் செத்துப்போனால் இவன் இதைக் கழுவ வேண்டியிருக்காது என்று நினைத்தாள். அந்த நினைப்பு வந்ததைவிட, அது அவ்வளவு ஆறுதலாக இருந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

பயத்தில்தான் அடுத்த நாள் ஆஸ்பத்திரி நேர்சுக்குப் போன் எடுத்தாள். குடல் நோயாளிகளும் பை வைத்தவர்களும் கூடிக் கதைக்கும் ஒரு குழு இருக்கிறது, அதற்குப் போய்ப் பாருங்கள் என்று அந்த நேர்ஸ் முன்பே சொல்லியிருந்தாள். கனகேஸ்வரி கேட்ட முதல் கேள்வி, "அங்க தமிழ் ஆக்கள் இருக்கினமோ?" அதைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை என்று பதில் வந்தால் போகலாம் என்பது அவளுடைய கணக்கு. வெள்ளைக்காரர், சீனர், யார் முன்னாலும் சொல்லிவிடலாம். அவர்களில் யாரும் கிரான்பர்ன் கலியாண வீட்டுக்கு வரப்போவதில்லை.

நேர்சுக்கோ ஒரே சந்தோஷம். இவள் பாவம், தன் மொழியில் பேச ஆள் தேடுகிறாள் என்று நினைத்துவிட்டாள். இருக்கிறார், ஒரு தமிழ்ப் பெண் தொண்டராக இருக்கிறார், புதன்கிழமை உங்களுக்குப் போன் எடுக்கச் சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் ஆங்கிலம் போதவில்லை. பெயர் என்னவென்று தரட்டும் என்று நேர்ஸ் கேட்க, கையில் அகப்பட்ட முதல் பெயரைக் கொடுத்தாள்: யோகா.

புதன்கிழமை வேலை முடிந்து, கடைத்தொகுதிக் கார் தரிப்பிடத்தில், கழிப்பறைக் கதவு தெரிகிற இடமாகப் பார்த்துக் காரை நிறுத்தியிருந்தாள். போன் அடித்தது. இலக்கம் தெரியவில்லை. எடுக்காமல் விட நினைத்து, எடுத்தாள்.

"யோகா அக்காவா? நான் லட்சுமி பேசுறேன். பாயிண்ட் குக்ல இருக்கேன். இப்ப பேசலாமா, இல்ல பாத்ரூம் போயிட்டு வர்றீங்களா?"

இந்தியத் தமிழ். எங்கட சனம் இல்லை. கனகேஸ்வரிக்கு முதலில் வந்த உணர்ச்சி அதுதான். அதற்காக அவளைக் குறை சொல்ல நான் தயாராக இல்லை. இரண்டாவதாக, இப்படி ஒரு கேள்வியை யாரும் இதுவரை தன்னிடம் கேட்டதில்லை என்பது உறைத்தது.

"போட்டு வாறன்" என்றாள். போய் வந்தாள். லட்சுமி அதுவரை அழைப்பிலேயே இருந்தாள்.

அன்று ஒரு மணித்தியாலம் பேசினார்கள். அடுத்த புதன், அதற்கடுத்த புதனும் பேசினார்கள். இரத்தத்தின் நிறம், வாடை, காற்றுப் போவதாக நினைத்து ஏமாந்த கதைகள், கணவன் தொடுவதற்கு முன் கூசுகிற கூச்சம், எல்லாவற்றையும் கனகேஸ்வரி வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமிழில் சொன்னாள். மறுபக்கம் அருவருப்பே இல்லை. தன் விரதக் கதையையும் சொன்னபோது லட்சுமி சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "நான் ஏகாதசிக்காரிக்கா. மாசத்துல ரெண்டுதான் வரும், நான் அஞ்சாறு கொண்டாடினேன்" என்றாள்.

ஆனால் பை என்ற பேச்சு வந்தால் கனகேஸ்வரி இறுகிப்போவாள். மூன்றாவது புதன்கிழமை லட்சுமி நேராகவே சொல்லிவிட்டாள்.

"அக்கா, எனக்குப் பை வச்சு ஆறு வருஷம் ஆச்சு."

கனகேஸ்வரி, "மணக்காதோ?" என்று கேட்டாள்.

"ஒழுங்கா ஒட்டியிருந்தா வெளிய வாடை வராது. பொய் சொல்ல மாட்டேன், ரெண்டு தடவ கழண்டிருக்கு. ஒரு தடவ ஆபீஸ் மீட்டிங்ல. பாத்ரூம்ல உக்காந்து அழுதேன். அப்புறம் மாத்திக்கிட்டு மீட்டிங்குக்கே திரும்பப் போனேன். முதல் மூணு மாசம் கண்ணாடியே பாக்கல. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்."

"சேலை?"

"சேலைதான் கட்டுறேன். பேசின் கோயிலுக்கு மாசம் ஒரு தடவ வர்றேன். கும்பிடுறேன், பந்தியில உக்காந்து சாப்பிடுறேன். எங்க மாமியாருக்கே இன்னும் தெரியாது."

அந்தக் கோயிலுக்குத்தான் அவளும் போகிறாள். "எந்த நாள் வருவீங்கள்?"

"வர்ற ஞாயிறு வருவேன். நான் யாருன்னு சொல்ல மாட்டேன் அக்கா, நீங்களும் சொல்ல வேணாம். நீங்க யோகா இல்லன்னு எனக்குத் தெரியும். நானும் லட்சுமி இல்ல. வந்து பாருங்க. யாருன்னு கண்டுபிடிக்க முடிஞ்சா ஆபரேஷனே வேணாம்னு சொல்லிடுங்க."

முடிவு சொல்லவேண்டிய நாளுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

ஞாயிறு வரை கனகேஸ்வரி கஞ்சித் தெளிவைத் தவிர ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. வழியில் நான்கு இடத்தில் நிறுத்தி, எப்படியோ கோயிலுக்கு வந்து சேர்ந்தாள். தூணோரமாக ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டாள். பிள்ளையாரைப் பார்க்கவில்லை. வந்த பெண்களின் வயிற்றைப் பார்த்தாள். பக்திக்குப் பேர்போன பெண்ணின் லட்சணம் அன்று அப்படியிருந்தது.

கோயில் உள்வீதி சுற்றுகிற பெண்கள், குழந்தையை இடுப்பில் தூக்கினவர்கள், பூத் தட்டோடு குனிந்து நிமிர்ந்தவர்கள், காஞ்சிபுரம், பருத்தி, சுரிதார். ஒருத்தி மடியைக் கையால் பொத்திக்கொண்டு நடந்தாள். இவள்தான் என்று கதிரையில் நிமிர்ந்தாள். பார்த்தால், கழன்ற கொசுவத்தைச் செருகினாள், அவ்வளவுதான். இன்னொருத்தி தனியாக நின்று மூக்கைச் சுளித்தாள், கற்பூரப் புகை. பந்தியில் முழங்காலும் முழங்காலும் உரச இருந்து இந்தியத் தமிழ்ப் பெண்கள் நாற்பது ஐம்பது பேர் சாப்பிட்டார்கள். எந்தப் பெண்ணை விட்டும் பக்கத்தில் இருந்தவள் தள்ளி இருக்கவில்லை. ஒருத்தி இரண்டாம் தரம் சாம்பார் கேட்டு வாங்கினாள். இரண்டரை மணித்தியாலம் பார்த்தும் கனகேஸ்வரியால் யாரென்று சொல்ல முடியவில்லை. கடைசியில் கண்ணீர்தான் வந்தது. தனக்கு முன்னால், கைக்கெட்டுகிற தூரத்தில், ஒரு பெண் அதே பையோடு சோறு சாப்பிட்டுவிட்டுப் போகிறாள்.

புதன்கிழமை லட்சுமி கேட்குமுன்னரே, "தெரியேல்ல" என்றாள்.

"சரி. அப்போ ஒண்ணு சொல்றேன், எழுதிக்கோங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி நர்ஸ் உங்க வயித்துல பேனாவால குறி வைப்பாங்க. பை அங்கதான் வரும். அவங்களுக்கு பேண்ட் தெரியும், நம்ம பாவாடை நாடா தெரியாது. எனக்கு நாடா அழுத்துற எடத்துலயே வச்சுட்டாங்க. இப்ப நான் பாவாடையை மேல ஏத்திக் கட்டுறேன், அதுவே ஒரு பாடு. நீங்க பாவாடையும் சேலையும் கொண்டு போங்க. உங்க நாடா எங்க வருதோ அதுக்கு ரெண்டு விரல் கீழ கேளுங்க. வெக்கப்படாதீங்க."

முடிவு சொல்லவேண்டிய வெள்ளிக்கிழமை, சரி என்று சொன்ன கையோடு, ஆஸ்பத்திரி அறையில் கனகேஸ்வரி பாவாடையைக் கட்டி, தான் எப்போதும் கட்டுகிற இடத்தில் நாடாவை இறுக்கி நின்றாள். மேனுகா திரைக்கு வெளியே நின்றாள். அவளை உள்ளே வரவேண்டாம் என்று தாய் சொல்லியிருந்தாள். நேர்ஸ் கனகேஸ்வரியை இருத்தி, குனிய வைத்து, மடிப்புகளைத் தடவிப் பார்த்து, கறுப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டாள். நாடா சரியாக அந்த வட்டத்தைக் குறுக்கே வெட்டி ஓடியது.

கனகேஸ்வரி அந்த வட்டத்தைப் பார்த்தாள். இனி இந்த இடத்தில்தான். ஓடிப்போய்விடலாம் என்று தோன்றியது. சேலை கதிரையில் கிடந்தது, கதவும் பூட்டியில்லை. ஆறுதலாக இருந்த அந்தக் குளியலறை நினைப்பும் ஒரு கணம் வந்து எட்டிப் பார்த்தது. அவள் வாய்விட்டு அழத் தொடங்கினாள். நேர்ஸ் பேனாவை மூடிவிட்டு, இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள்.

கனகேஸ்வரி தலையை ஆட்டி மறுத்தாள். அழுதபடியே வட்டத்தைத் தன் உள்ளங்கையால் தேய்த்தாள், அது அழியவில்லை. நாடாவுக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அளந்து, அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். ஆங்கிலம் ஒரு சொல்லும் வரவில்லை.

"இதில கீறுங்கோ" என்றாள்.

நேர்ஸ் பழைய வட்டத்தைப் பஞ்சால் துடைத்தாள். பிறகு குனிந்து, அவளுடைய விரல் இருந்த இடத்தில் புதிதாகக் கீறினாள்.