பீட்டர் கமலம்

ஹமீதாக்கா எதையும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பார். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம், பஸ் டிக்கெட்டின் பின்பக்கம், கல்யாணப் பத்திரிகையின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயர், எதையும் விடமாட்டார். முழுப் பெயர் ஹமீதுன்னிசா. ராயப்பேட்டையில் ஜானி ஜான் கான் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. தி.நகரில் ஒரு புடவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருக்கும் எங்கள் கம்பெனியில் புரோகிராமர். கம்பெனியின் பெயர் கமலம் இன்ஃபோ. கமலம் என்பது எங்கள் முதலாளி வெங்கடரமணன் சாருடைய அம்மாவின் பெயர்.

நான் அங்கே டைப்பிஸ்ட். மந்தைவெளியிலிருந்து வருகிறேன். பத்தாவது பாஸ் என்று சொல்லி வேலையில் சேர்ந்தேன். உண்மையில் எட்டாவதோடு நின்றவள். யாராவது என் பக்கம் திரும்பினாலே சர்டிபிகேட் கேட்கப் போகிறார்கள் என்று கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். அதனால் நான் அதிகம் பேசுவதில்லை. பார்த்துக்கொண்டிருப்பேன். இந்த இரண்டு வருஷத்தில் நான் அதிகம் பார்த்தது ஹமீதாக்காவைத்தான்.

கடைக்காரர்களுக்கும் ஏற்றுமதிக்காரர்களுக்கும் நாங்கள் வெப்சைட் செய்து கொடுக்கிறோம். அதில் பார்க்க வருகிறவர்கள் கேள்வி எழுதவும் பதில் படிக்கவும் ஒரு பகுதி உண்டு. அதை எழுதியது நாங்கள் இல்லை. பீட்டர் ஹால்வெக் என்ற வெளிநாட்டுக்காரர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இன்டர்நெட்டில் வைத்திருந்தார். ஹால்வெக் போர்டு என்று அதற்குப் பெயர். சார் அதையே எடுத்து, கமலம் போர்டு என்று பெயர் மாற்றிக் கொடுத்தார். முதலில் இது திருட்டு என்றுதான் நினைத்தேன். அக்காதான் லைசென்ஸ் முழுவதையும் படித்துவிட்டுச் சொன்னார்.

"திருட்டு இல்ல குமுதா. அவரே எழுதிக் குடுத்துகீறார். எடுத்துக்கோ, மாத்திக்கோ, உன் பேர் போட்டு வித்துக்கோன்னு. ரெண்டே கண்டிஷன். ஒவ்வொரு ஃபைல் தலையிலயும் அவர் பேர் போட்டு பன்னெண்டு வரி கீதே, அதைத் தொடக்கூடாது. நாம இன்னா மாத்தினோம், யாரு, என்னிக்குன்னு அதுக்குக் கீழ எழுதணும். அவ்ளோதான்."

மொத்தம் நாற்பத்து மூன்று ஃபைல். எல்லாவற்றிலும் அக்கா தன் பெயரையும் தேதியையும் அடித்துவைத்தார். அந்த வரியை அடித்து முடித்ததும் ஒவ்வொரு தடவையும் வாசல் பக்கம் திரும்பிப் பார்ப்பார். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் மதியம் சாப்பிடும்போது அவரே சொன்னார்.

அவருடைய அப்பா மெஹபூப் அலி சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருந்தார். நோட்டீஸ் எதுவானாலும் அதன் அடியில் அச்சிட்டவர் பெயர் இருக்கவேண்டும் என்பது சட்டம். அக்கா ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, யாரையோ கேவலமாகத் திட்டி ஒரு நோட்டீஸ் சுவரெல்லாம் ஒட்டியிருந்தது. அடித்தது வேறு யாரோ. அடியில் மட்டும் இவர்கள் அச்சகத்தின் பெயரைப் போட்டுவிட்டார்கள். போலீஸ்காரர்கள் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தார்கள். அப்பா நான்கு நாள் கழித்துத்தான் திரும்பினார். அதன்பிறகு யார் கதவைத் தட்டினாலும் அவர் உள் அறைக்குப் போய்விடுவாராம்.

"பேர் போடலன்னாலும் பயம், போட்டாலும் பயம்" என்று சொல்லி அக்கா சிரித்தார். டிபன் பாக்ஸை மூடிவிட்டு மறுபடியும் வாசல் பக்கம் பார்த்தார்.

தீபாவளி முடிந்த வாரம் அக்கா லீவில் போனார். தங்கை சாய்மாவுக்கு நிக்காஹ். நவம்பர் பத்தாம் தேதி, புதன்கிழமை, சார் என் மேஜைக்கு வந்தார்.

"ஏம்மா குமுதவல்லி, அடையாறு லெதர் கம்பெனிக்காரா நாலு மணிக்கு வரா. போர்டுல அந்தப் பழைய பேர் ஒரு இடத்துல கூடத் தெரியப்படாது. பார்த்துண்டுடு, என்ன?"

அக்காவாக இருந்தால் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, வெளியே தெரிகிற இடத்தில் மட்டும் ஒவ்வொரு பெயராக மாற்றியிருப்பார். அதற்கு இரண்டு நாள் வேண்டும். எனக்கு இருந்தது இரண்டு மணி நேரம். ஒரே பட்டனில் எல்லாவற்றையும் மாற்றும் வசதி இருப்பதை நான் கவனித்து வைத்திருந்தேன். ஹால்வெக் என்று இருக்கும் இடத்திலெல்லாம் கமலம் என்று மாற்று என்று கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. தலையில் இருக்கும் பன்னிரண்டு வரியும் அதே ஃபைலுக்குள்தான் இருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. சார் வந்து பார்த்து, "பேஷ்" என்றார். அந்த ஃபைல்களையே எங்கள் பதினோரு வெப்சைட்டுகளுக்கும் ஏற்றினோம். அன்று பஸ்ஸில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

திங்கள்கிழமை மழை. அக்கா கை நிறைய மருதாணியோடு வந்தார். கம்பெனிக்கு வரும் மெயில் எல்லாம் ஒரே பெட்டியில் வந்து விழும். அதை அவர்தான் திறப்பார். முதல் மெயில் எங்கள் ஆபீஸில் இல்லாத ஓர் ஆளுக்கு வந்திருந்தது. 'அன்புள்ள மிஸ்டர் பீட்டர் கமலம்' என்று தொடங்கியதை அக்கா வாய்விட்டுப் படித்தார். அடையாறு கம்பெனியின் வெப்சைட்டைப் பார்த்த யாரோ ஒருவர், உங்கள் போர்டில் எனக்கு ஒரு சந்தேகம் என்று எழுதியிருந்தார்.

டீ கொண்டுவந்த பொன்னுரங்கம் அண்ணன் அதைக் கேட்டுவிட்டார். "இன்னாது, பீட்டர் கமலமா? நம்ம சாந்தோம் ஆளு மாதிரி கீதே. சாரு புச்சா பார்ட்னர் சேத்துக்கினாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை. ஒரு ஃபைலைத் திறந்து அதன் தலைக்குப் போனார். நான் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்தே எனக்கும் தெரிந்தது. காப்பிரைட் 1996, பீட்டர் கமலம். அவருடைய மெயில் விலாசத்திலும் ஹால்வெக் போய்க் கமலம் வந்து, அது எங்கள் கம்பெனி விலாசமாகவே ஆகியிருந்தது. அவருக்குப் போகவேண்டிய மெயில் எங்களுக்கு வந்தது அதனால்தான். அதற்கு நேர் கீழே, மாற்றியவர் ஹமீதுன்னிசா என்று இருந்தது.

"யா அல்லாஹ், யாரு பண்ணது இதை?" என்றார் அக்கா.

பொன்னுரங்கம் அண்ணன் டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நிஜமான பீட்டர் ஹால்வெக்கிடமிருந்தே மெயில் வந்துவிட்டது. வெப்சைட்டின் உள்வரிகளை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். அவரும் பார்த்திருக்கிறார். என் பெயரை எடுத்துவிட்டு வேறு ஒருவர் பெயரைப் போட்டிருக்கிறீர்கள், வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்து, செய்தது யார் என்று விளக்கம் எழுதவேண்டும், இல்லாவிட்டால் உங்கள் பதினோரு வெப்சைட்டையும் மூடச் சொல்லி, அவற்றுக்கு இடம் கொடுக்கும் சர்வர்காரர்களுக்கு எழுதுவேன் என்று இருந்தது.

சார் நின்றபடியே படித்தார். "எங்கம்மா பேருக்கு முன்னாடி பீட்டரா? யார் பண்ணின காரியம் இது?"

அவர் ஃபைலைத் திறக்கச் சொன்னார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்துக்கொண்டே போனார். "எல்லாத்துலயும் உன் பேர்தானேம்மா இருக்கு, ஹமீதா?"

"அது நான் மாத்தினதுக்கு நான் போட்டது சார். இது நான் பண்ணல. நான் லீவுல இருந்தேன்."

"லீவுல இருந்தா பேர் எப்படி வரும்? அதுவா வந்து உட்கார்ந்துண்டுதா?"

ஆறு நாளைக்கு முன்னால் தானே என் மேஜைக்கு வந்து நின்றதை சார் மறந்துவிட்டார் என்று அப்போது தெரிந்தது. எனக்கு மறக்கவில்லை. வாய்தான் திறக்கவில்லை. சொன்னால் கேள்வி வரும், கேள்வி வந்தால் நீ எது வரைக்கும் படித்திருக்கிறாய் என்பதில் போய் முடியும் என்று என் புத்தி ஓடிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமை நான் பதில் எழுதிடுவேன்" என்றார் சார். "ஹமீதுன்னிசாங்கற ஸ்டாஃப் பண்ணின தப்பு, அவளை வேலையிலேர்ந்து எடுத்தாச்சுன்னு. எனக்கு வேற வழி இல்லம்மா. பதினோரு பார்ட்டி."

அக்கா எழுந்து நின்றார். மருதாணிக் கைகள் இரண்டையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டார். "வேலையவிட்டு நிறுத்திக்குங்க சார். பேரை மட்டும் எழுதாதீங்க. எங்க அப்பா இன்னும் உயிரோட கீறார்."

சாருக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

புதன்கிழமை சார் அறை வாசல் வரை இரண்டு தடவை போனேன். முதல் தடவை கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை அவர் நிமிர்ந்து, "என்ன?" என்றார். "டீ வேணுமா சார்?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அன்று ராத்திரி வீட்டு வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்திய சத்தம் கேட்டதற்கே எழுந்து உள்ளே போய்விட்டேன். அக்காவின் அப்பா ஏன் உள் அறைக்குப் போனார் என்று அப்போதுதான் விளங்கியது.

வியாழக்கிழமை காலை அக்கா ஒரு ஃபிளாப்பியை என்னிடம் கொடுத்தார். "பழைய காப்பி இதுல கீது. தலையில இருந்த பன்னெண்டு வரியையும் எடுத்து நாப்பத்து மூணுலயும் ஒட்டு. என் கை நிக்க மாட்டேங்குது. முடிச்சுட்டு சொல்லு, நான் படிச்சுப் பாக்கறேன்."

அவர் என்னைச் சந்தேகப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. முகத்தில் ஒன்றும் இல்லை.

ஆறு ஃபைல் முடித்தேன். ஏழாவதைத் திறந்தபோது அவருடைய பெயருக்குக் கீழே வெறும் இடம் இருந்தது. நான் என்ன அடிக்கிறேன் என்று யோசிப்பதற்குள் அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்தான். 'ஹால்வெக் என்ற பெயரைத் தவறாக மாற்றியவர் குமுதவல்லி, 10 நவம்பர் 1999. சரிசெய்தவர் குமுதவல்லி, 18 நவம்பர் 1999.' என் பெயரை ஆங்கிலத்தில் முழுதாக அடித்தது அதுதான் முதல் தடவை. மீதி முப்பத்து ஆறிலும் அதையே அடித்தேன். முதல் ஆறுக்குத் திரும்பிப்போகத் தைரியம் இல்லை. அக்கா கடைசி வரி வரை படிப்பார் என்று எனக்குத் தெரியும். என் வாயால் சொல்ல முடியாததை அவர் கண் படுகிற இடத்தில் வைத்துவிட்டு, "முடிஞ்சுதுக்கா" என்றேன்.

அவர் படிக்கத் தொடங்கினார். நான் பாத்ரூமுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு நின்றேன். கீழே புடவைக் கடையில் ஆட்களைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது ஏழாவது ஃபைல்தான் திரையில் இருந்தது.

"தேதி பத்தா?"

"பத்துதாங்கா. புதன்கிழமை."

"வல்லிக்கு ரெண்டு எல். ஒண்ணுதான் போட்டுகீறே."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது வெளிய போச்சுன்னா உலகமே பாக்கும். தெரியுமில்ல? எடுத்துடட்டா, இருக்கட்டுமா?"

தலையை ஆட்டினேன்.

"எதுக்கு ஆட்டுறே? எடுக்கவா, விடவா? வாயத் தொறந்து சொல்லுடி."

"இருக்கட்டும்கா."

"அப்போ முதல் ஆறுலயும் போடு" என்று சொல்லிவிட்டு அவர் சார் அறைக்குள் போனார்.

சார் வெளியே வந்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீயா? என்கிட்ட ஏன் சொல்லலே?"

"நீங்கதான் சார்... ஒரு இடத்துல கூடத் தெரியப்படாதுன்னு..."

அதற்கு மேல் சொல்லத் தேவை இருக்கவில்லை. சார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "நாலு மணிக்கு வராளேன்னு சொன்னேன் இல்லையா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சர்டிபிகேட் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்கப் போகிறார் என்று நான் காத்துக்கொண்டே நின்றேன்.

வெள்ளிக்கிழமை போன பதிலில் ஹமீதுன்னிசா என்ற பெயர் இல்லை. இது கம்பெனியின் தவறு, சரிசெய்துவிட்டோம், விவரம் ஃபைலிலேயே இருக்கிறது என்று மட்டும் சார் எழுதினார். அக்காவே படித்துப் பார்த்து அனுப்பினார்.

சனிக்கிழமை மறுபதில் வந்தது. அதைத் திறப்பதற்கு முன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றே வரி. பார்த்தேன், சரியாக இருக்கிறது. எதையும் மூடச் சொல்லமாட்டேன். குமுதவல்லி கவனத்துக்கு: ஒரு ஃபைலில் பன்னிரண்டாவது வரி விட்டுப்போயிருக்கிறது.

அக்கா எண்ணிப் பார்த்தார். அது ஏழாவது ஃபைல்.

"நான் எப்படி விட்டேன்? உன் பேரைப் பாத்ததும் கண்ணு கீழ போயிடுச்சு" என்றார். பிறகு, "இந்தாளும் நம்மள மாதிரிதான்டி. கடைசி வரி வரைக்கும் படிக்கிறான்" என்று சொல்லி, அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கோ ஒரு தேசத்தில் முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்து என் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார் என்பதுதான் மனதில் ஓடியது.

இப்போது நோன்பு மாதம். அக்கா ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். அடுத்த மாதம் அவரைப் பெண் பார்க்க வேலூரிலிருந்து வருகிறார்களாம். வேலைக்குப் போகலாமா கூடாதா என்பதை எழுதி வாங்கிக்கொண்டுதான் சம்மதம் சொல்வேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்.

நேற்று ஒரு புது வெப்சைட்டுக்குப் போர்டைத் தயார் செய்தோம். அக்கா தன் பெயரை அடித்துவிட்டுக் கீபோர்டை என் பக்கம் தள்ளினார். நானும் அடித்தேன். இரண்டு எல் போட்டு. அப்போது கதவு திறக்கிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தோம்.

எனக்கு மட்டும் ஒரு டம்ளர் டீயோடு பொன்னுரங்கம் அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னாம்மா, ரெண்டு பேரும் என்னைப் பாத்து இப்டி முழிக்கிறீங்கோ? நான் இன்னா போலீஸா?"