ஸமத் ஹாஜியார் கொடுத்த கோழிகள்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டைக்குப் போகும் பாதையில், பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டில் ஏறினால் ஒரு சின்ன முஸ்லிம் கிராமம் வரும். அந்த ஊரில் அப்துல் ஸமத் ஹாஜியாரின் கோழி போகாத வீடு கிடையாது. அவர் பண்ணை வைத்திருந்தது முட்டை விற்பதற்கு. கோழி அவருக்கு விற்கிற பொருள் அல்ல, கொடுக்கிற பொருள். கலியாண வீட்டுக்கு ஒரு சோடி, சுன்னத்து வீட்டுக்கு ஒரு சோடி, மௌத்து வீட்டில் இறந்தவருக்காகக் கத்தம் ஓதுகிற அன்று ஒரு சோடி. யாருக்காவது வேலை போனாலும், கால் முறிந்தாலும், மகன் பரீட்சையில் கோட்டை விட்டாலும்கூட வெள்ளைக் கோழி வந்து இறங்கிவிடும்.

கொடுப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து சனம் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிற நேரம் பார்த்துப் பள்ளிவாசல் முன்னால் கூடையைத் திறப்பார். செருப்புக் கிடைத்தவர்கள் போய்விடக்கூடாதே என்று முதலில் நன்றாகச் செருமுவார். பிறகு கோழியை உயரத் தூக்கி, வாங்குகிறவரின் பெயரையும் அவருக்கு வந்த கஷ்டத்தையும் ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டுத்தான் கையில் கொடுப்பார். வாங்கியவர் தலையைக் குனிந்துகொண்டு போவார். அதை மரியாதை என்று ஹாஜியார் நினைத்துக்கொண்டிருந்தார்.

கள்ளமில்லாத மனுஷன். பிறத்தியார் அழுதால் அவருக்கும் கண் கலங்கிவிடும். ஆனால் தான் கலங்குவதை நாலு பேர் பார்க்கவேண்டும். பதினெட்டு வருஷமாக அவர்தான் பள்ளிவாசல் தலைவர். ஒவ்வொரு தலைவர் தெரிவின்போதும் எழும்பி, "எனக்குப் போதும், வேற ஆளப் பாருங்க" என்பார். நாலு பேர் பதறிப்போய், "நீங்கதான் இரிக்கணும்" என்பார்கள். அந்த நாலு பேர் யார் என்று அவருக்கு முதல் நாளே தெரியும். மனமே இல்லாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அதே கதிரையில் அமர்ந்துவிடுவார்.

அவருடைய குஞ்சுகள் எங்கோ தூரத்தில் பொரித்து, அங்கேயே தடுப்பூசி போட்டு, பெட்டியில் அடைத்து லொறியில் வரும். யுத்த காலம் அல்லவா, வழியில் செக்பொயின்ட்டுக்குச் செக்பொயின்ட் சிப்பாய்கள் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். குஞ்சுகளும் அவர்களைப் பார்க்கும். இரண்டு தரப்புக்கும் சந்தேகம் தீர்ந்த பிறகு லொறி நகரும். அப்படி வந்த கோழிகளில் ஒன்றுகூட நோய்ப்பட்டதில்லை. "மனசுல நிய்யத்து சுத்தமா இரிக்கணும், அப்பதான் கோழியும் சுத்தமா இரிக்கும்" என்று ஹாஜியார் எல்லாருக்கும் சொல்வார். ஊசியைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுவார்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஊர்க் கோழிகள் விழத் தொடங்கின. ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்குமாக நீட்டியபடி, இறக்கை தொங்கிப்போய்க் கிடந்து, மெலிந்து மெலிந்து செத்தன. பெரும்பாலும் வளரும் இளசுகள். அதிகம் அடிபட்டவள் நூருன்னிஸா. புருஷனை இழந்தவள். நாட்டுக்கோழி வளர்த்தும், வீடு வீடாகப் போய் வாங்கிச் சேர்த்தும் மாத்தளைச் சந்தையில் விற்றுத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். ஹாஜியாருக்கு மனசு கேட்கவில்லை. பெண்கள் ஜும்ஆவுக்கு வருவதில்லை என்பதால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஊர் நடுவால் நடந்துபோய் அவளுக்கு ஒரு சோடி கொடுத்தார். மிஞ்சியிருந்த குஞ்சுகளும் செத்தன. மறுபடியும் கொடுத்தார். மறுபடியும் செத்தன. எந்த வீட்டில் சாவு கூடியதோ அந்த வீட்டுக்குக் கூடை கூடுதலாகப் போனது. வெள்ளைக் கோழிகள் மட்டும் கொழுத்துத் திரிந்தன. ஹாஜியாரின் கோழியில் பரக்கத், இறைவனின் அருள், இருக்கிறது என்று ஊர் சொன்னது.

காரணம் கண்டுபிடிப்பதில் அந்த ஊரை மிஞ்ச முடியாது. ஹெலிகொப்டர் மருந்து தெளித்துவிட்டுப் போகிறது என்றார்கள். பிறகு ஹெலிகொப்டர் பறக்காத வாரத்திலும் கோழி செத்ததால், கைக்கெட்டிய காரணமாகத் தேடி நூருன்னிஸாவைப் பிடித்தார்கள். வீடு வீடாகக் கோழி பார்க்கப் போகிறவள் அவள்தானே, அவளுடைய கண்தான் என்றார்கள். கதவுகள் அவள் முகத்துக்கு நேரே சாத்தப்பட்டன. தலைவர் கதிரையில் ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்த கடைக்கார யாகூப், அவளை எந்த வீட்டுக்கும் ஏற்றக்கூடாது என்று பள்ளிவாசல் கூட்டத்தில் தீர்மானமே கேட்டார். அது நிறைவேறினால் அவள் பிழைப்பில் மண் விழும்.

"நான் விசாரிக்கிறேன்" என்று ஹாஜியார் நெஞ்சை நிமிர்த்தினார். செத்த கோழியொன்றைப் பையில் போட்டுக்கொண்டு மாத்தளைக்குப் போய்க் கால்நடை வைத்தியர் மார்கிரட்டின் மேசையில் வைத்தார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து படித்து வந்த பெண் அவர். கோழியை அறுத்து ஈரலைக் காட்டினார். ஈரல் முழுக்க வெளிறிய கட்டிகள்.

"உடம்புல ஒரு செல் கெட்டுப் போச்சுன்னா அது தானாவே செத்துரணும் ஹாஜியார். அப்பிடிச் சாக வைக்கவும், கட்டி வளராம தடுக்கவும் உள்ளுக்கே காவல் இருக்கு. இந்த வைரஸ் போய் அந்தக் காவல மடக்கிப் போட்டுருது. அதுக்கப்புறம் போக வேண்டிய செல் போகாது. நேரம் முடிஞ்சாலும் உக்காந்துக்கிட்டே இருக்கும், பெருகும். அதுதான் இந்தக் கட்டி."

ஏனோ ஹாஜியாருக்குக் கதிரையில் சரியாக உட்கார முடியவில்லை.

"ஊருக்குள்ள வெளிக் கோழி ஏதாச்சும் வந்திச்சுங்களா?" என்று மார்கிரட் கேட்டார்.

"நான்தானே குடுத்தேன்!" என்று அவர் மலர்ந்தார். "ஊசி போட்ட அருமையான கோழி. ஒரு வீடு பாக்கியில்லாம குடுத்திரிக்கேன்."

மார்கிரட் கத்தியைக் கீழே வைத்தார். "அந்த ஊசி கட்டி வராமத்தான் தடுக்கும், வைரஸ் உள்ள வர்றதத் தடுக்காது. உங்க கோழி நல்லா ஓடித் திரியும். ஆனா அதோட இறகுத் தூசியில வைரஸ் பறந்துக்கிட்டே இருக்கும். ஊசி போடாத ஊர்க் குஞ்சுதான் சாகும். உங்க உடுப்புல ஒட்டியிருக்கிற தூசியே போதுங்க."

மனுஷருக்கு ஒன்றும் செய்யாது என்றும், கொடுத்த கோழிகளை ஊரிலிருந்து எடுத்துவிட்டுக் கூடுகளைக் கழுவிச் சில மாதம் காலியாக விடவேண்டும் என்றும் அவர் சொன்னதெல்லாம் ஹாஜியாரின் காதில் பாதிதான் ஏறியது. திரும்பிவரும் பஸ்ஸில், தலையைக் குனிந்துகொண்டு போனவர்கள் ஒவ்வொருவராக ஞாபகத்துக்கு வந்தார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நூருன்னிஸா பட்டினி கிடப்பாள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் முன்னால் நின்றார். கையில் கூடை இல்லை.

"ஊர்க் கோழியக் கொன்னது நூருன்னிஸாட கண்ணு இல்ல. நான் குடுத்த கோழி. அதுக்குள்ள வைரஸ் இரிக்காம், ஊசி போட்டதால அது சாகாது, ஊசி போடாத ஊர்க் குஞ்சுதான் சாகும். எல்லாத்தையும் திருப்பித் தந்திடுங்க."

யாகூப்தான் முதலில் சிரித்தார். "கேட்டீங்களா கதைய! நோய் வருத்தம் உள்ள கோழி சாகாதாம், வருத்தம் இல்லாத கோழிதான் சாகுமாம். கை சுருங்கிப் போச்சுன்னா சுருங்கிப் போச்சுன்னு சொல்லுங்களே ஹாஜியார், அதுக்கு ஏன் வைரஸக் கூட்டிட்டு வாறீங்க?"

கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற மனுஷனை ஊர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. ஆத்திரம் தாங்காமல் வீட்டுக்கு வீடு வெள்ளைக் கோழிகளை அறுத்துக் கறி வைத்தார்கள். அடுத்த தெரிவில் ஹாஜியார் எழும்பி, "எனக்குப் போதும்" என்றார். அந்த நாலு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதுத் தலைவரான யாகூப், ஓதிப் பார்க்கிற லெப்பையைக் கூட்டிவந்து ஊர் முழுக்க ஓதிய தண்ணீர் தெளித்தார். தெளிக்க முன்னர் கூடு சுத்தமாக இருக்கவேண்டும் என்று லெப்பை சொன்னதால், எல்லாரும் கூட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துச் சில மாதம் காலியாக வைத்தார்கள். நோய் நின்றது. யாகூப்பின் கைராசி என்றார்கள். ஹாஜியாரின் கஞ்சத்தனத்தைப் பேசவே நேரம் போதாததால் நூருன்னிஸாவின் கண்ணை ஊர் மறந்தது. கதவுகள் திறந்தன.

அடுத்த வருஷம் ஒரு காலையில் ஹாஜியார் பண்ணைக் கூட்டைப் பெருக்கிவிட்டு வெளியே வந்தபோது, நூருன்னிஸா பாதையால் ஏறி வந்துகொண்டிருந்தாள். இரண்டு கக்கத்திலும் இரண்டு விடைக்கோழிகள், இன்னும் முட்டையிடத் தொடங்காத இளசுகள்.

"ஸமத் நானா, எனக்காகப் பேசினது நீங்க ஒராள்தான். ஊர் என்ன சொன்னாலும் பரவாயில்ல. இது ரெண்டும் உங்களுக்கு."

அவருக்கு வாழ்க்கையில் யாரும் எதையும் கொடுத்ததில்லை. கையை நீட்டப் போனார். அதற்குள் அவள் கேட்டுக்குக் கிட்ட வந்துவிட்டாள். காற்று கூட்டுப் பக்கமிருந்து அடித்தது.

"கிட்ட வராத! போ, தூரப் போ!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து கேட்டை அடித்துச் சாத்தினார்.

அவள் அப்படியே நின்றாள். "நீங்களுமா நானா? நீங்களும் என்ட கண்ணுக்குப் பயமா?"

"இல்ல தங்கச்சி, என்ட தூசி..." என்றார். அவள் திரும்பி வேகமாக இறங்கத் தொடங்கியிருந்தாள், கேட்டிருக்கமாட்டாள். ஓடிப்போய்ப் பிடித்துச் சொல்லிவிடலாம். உடுத்திருந்த சாரம் முழுக்கத் தூசி. குளித்து மாற்றிக்கொண்டு போனால் கதவைத் திறப்பாளா என்பது தெரியாது. விடைக்கோழிகள் இரண்டும் அவள் கக்கத்திலிருந்து பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டே போயின. அவை கண்ணுக்கு மறையும்வரை ஹாஜியார் கேட்டைத் திறக்கவில்லை.